ஐந்தாவது ஏன்

எங்கள் பல்கலைக்கழகத்தைத் திருத்த மூன்று நாள் போதும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பெயர் லீன் மேலாண்மைப் பயிற்சி. வீண் வேலைகளைக் கழித்துவிட்டு, வேண்டிய வேலையை மட்டும் வைத்துக்கொள்வதுதான் லீன் என்று சுற்றறிக்கையில் விளக்கம் போட்டிருந்தது. நான் சான்றிதழ்ப் பிரிவின் கண்காணிப்பாளர். எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன். குத்துகிற சமாச்சாரமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இதிலும் இருந்தது. ‘படிகள் குறைக்கப்படும் பிரிவுகளில் உபரியாகும் ஊழியர்கள் புதிய வளாகத்துக்கு மாற்றப்படுவார்கள். பணிப் பதிவேட்டில் தண்டனைக் குறிப்பு உள்ளவர்கள் முதலில் பரிசீலிக்கப்படுவார்கள்.’

எங்கள் பிரிவில் ஒன்பது பேர். தண்டனைக் குறிப்பு உள்ளவர் ஒரே ஒருவர், வாசிப்பு அக்கா.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய வேலைதான். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, அன்று அனுப்ப வேண்டிய சான்றிதழ்களின் விவரத்தைப் பதிவேட்டிலிருந்து உரக்க வாசிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ சொல்ல வேண்டும். சரி என்ற சொல் காதில் விழாமல் அக்கா அடுத்த வரிக்குப் போகமாட்டார். பத்தொன்பது வருடமாக இது நடக்கிறது. பத்தொன்பது வருடமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சரி சொல்வது நான். கண்காணிப்பாளரான பிறகு அந்த வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் வீடு பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில் இருக்கிறது, ஏழு நிமிட நடை. அவருடைய கணவர் பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடம் ஆகிறது. காலையில் குளிப்பாட்டி உட்காரவைத்துவிட்டு வருவார். பன்னிரண்டரைக்குப் போய் ஊட்டிவிட்டு, முதுகைத் துடைத்து, படுக்கவைத்துவிட்டு ஒன்றரைக்குத் திரும்புவார். புதிய வளாகமோ இரண்டு பேருந்து மாறி ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய இடம். அங்கே மாற்றினால் மதியம் அந்த மனிதருக்கு யார் ஊட்டுவது? பிள்ளைகள் கிடையாது. ஓய்வு பெற இன்னும் இருபது மாதம் இருந்தது.

அதனால் பயிற்சிக்கு முந்தின நாள் மாலை எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். “வாசிப்பைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படி ஒரு படியே நம்மகிட்ட இல்ல. புரிஞ்சுதா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் குண்டூசி டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அட்டை, முகத்தில் ஓயாத சிரிப்பு. எடுத்த எடுப்பில் எங்கள் அறையின் சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதத்தை ஒட்டினார். ஒரு மாணவன் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் போடுவதிலிருந்து அது அவன் கைக்குப் போகும்வரை நடக்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி வரிசையாக ஒட்டச் சொன்னார். எதை ஒட்டினாலும், “இது ஏன்?” என்று கேட்டார். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் ஓர் ஏன். பத்து மணிக்குள் அவருக்கு ‘ஏன் தம்பி’ என்று பெயர் வைத்துவிட்டார் எங்கள் நடை அண்ணன். கோப்புகளைக் கட்டடத்துக்குக் கட்டடம் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

நடை அண்ணன் தன் பங்குக்கு ஏழு தாளில் ‘காத்திருத்தல்’ என்று எழுதி ஒட்டினார்.

“என்னண்ணே, ஏழு தடவையா காத்திருக்கீங்க?” என்றார் ஏன் தம்பி.

“இடம் இல்லன்னு நிறுத்திக்கிட்டேன் தம்பி. இன்னொரு கட்டு தாள் இருந்தா குடுங்க.”

பிறகு வளாகத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்து, ஒரு கோப்பு போகிற வழியெல்லாம் சிவப்பு நூலைக் குண்டூசியில் சுற்றிக் காட்டச் சொன்னார். எங்கள் அறைக்கும் தேர்வுப் பிரிவுக்கும் முத்திரை அறைக்கும் நடுவே நூல் போய்ப் போய் வந்தது. பாதியிலேயே நூல்கண்டு தீர்ந்துபோயிற்று. ஒரு விண்ணப்பம் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். “நடக்கிறது அது இல்லைங்க, நானு,” என்றார் நடை அண்ணன். எல்லோரும் சிரித்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது. சுவரில் இருபத்திரண்டு படிகள் ஏறியிருந்தன, வாசிப்பு இல்லை. அப்பாடா என்று இருந்தது.

இரண்டாம் நாள் என் திட்டத்தில் மண் விழுந்தது. ஏன் தம்பி கடிகாரமும் கையுமாக வந்து, “இன்னிக்கு ஒரே ஒரு விண்ணப்பத்தோட கூடவே போகப் போறேன். அது எங்க போகுதோ நானும் அங்க,” என்றார்.

நான் அக்காவின் மேசைக்கு ஓடினேன். “அக்கா, இன்னிக்கு ஒரு நாளைக்கு வாசிக்க வேணாம்.”

“உத்தரவு எழுத்துல இருக்கு மேடம்,” என்றார் அக்கா, பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “நிறுத்தணும்னா எழுத்துல குடுங்க.”

நான் பதவி உயர்ந்த நாளிலிருந்து, நாலு பேர் முன்னால் அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். தனியாக இருக்கும்போது நீ, வா, போ. அந்த மேடம் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். எழுத்தில் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வாசிப்பைச் சுவரிலிருந்து மறைக்கிறவள், அதைத் தாளில் எழுதிக் கையெழுத்தா போடுவேன்?

இரண்டு மணிக்கு அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

“பதிவு எண் நாலு ஏழு ஒண்ணு சைபர் ரெண்டு.”

“சரி.”

“இளங்கலை, கணிதம்.”

“சரி.”

“முதல் வகுப்பு.”

“சரி.”

வாசலில் ஏன் தம்பி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். நாற்பத்தோரு சான்றிதழ் முடிய மூன்றரை ஆயிற்று. முடிந்ததும் அக்காவிடம் கேட்டார்.

“அக்கா, இது எத்தனை வருஷமா நடக்குது?”

“பத்தொம்பது.”

“இத்தனை வருஷத்துல வாசிக்கும்போது எத்தனை தப்பு கண்டுபுடிச்சிருப்பீங்க?”

“ஒண்ணும் இல்ல தம்பி,” என்றார் அக்கா சாதாரணமாக. “அச்சுத் தப்பெல்லாம் முன்னாடி மேசையிலயே மாட்டிக்கும். எங்ககிட்ட வர்றப்ப எல்லாம் சரியாத்தான் வரும்.”

ஏன் தம்பியின் சிரிப்பு முதன்முறையாக நின்றது. அவர் எழுந்து போய் சுவரில் இருபத்து மூன்றாவது தாளை ஒட்டினார். ‘வாசிப்பு. இருவர். தொண்ணூறு நிமிடம்.’ பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நாளைக்கு இதைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று அர்த்தம்.

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, எதை நினைக்கக் கூடாது என்று இத்தனை காலம் தள்ளிவைத்திருந்தேனோ அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம். தகுதிகாண் பருவம் முடிய ஒரு மாதம் பாக்கி. அக்கா என்னைவிட ஆறு வருடம் மூத்தவர். ஒவ்வொரு சான்றிதழோடும் அதற்குரிய முகவரிச் சீட்டைச் சேர்த்துக் குண்டூசி குத்துவது அவர் வேலை. குண்டூசியை எடுத்துவிட்டு, சான்றிதழை உறையில் போட்டு, சீட்டை மேலே ஒட்டுவது என் வேலை. ஒவ்வொன்றாக ஊசியை எடுத்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எனக்கோ நாலே முக்கால் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதில் போனால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும், அடுத்ததில் நின்றுகொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாக இருந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள வாகாக இருந்திருக்கும். அன்று நேரமாகிவிட்டதே என்று எல்லா ஊசிகளையும் மொத்தமாக முதலில் எடுத்துவிட்டு, சான்றிதழ்களை ஒரு பக்கமும் சீட்டுகளை ஒரு பக்கமும் அடுக்கி, மளமளவென்று உறையில் போட்டேன். நடுவில் ஒரு சீட்டு கீழே விழுந்தது. எடுத்து அடுக்கினேன். சரியான இடத்தில்தான் அடுக்கினேன் என்று நினைத்தேன்.

இரண்டு பேருடைய சான்றிதழ்கள் மாறிப்போயின. ஒருவன் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துக் காத்திருந்தவன். கடைசி நாளில் உறையைப் பிரித்தால் உள்ளே வேறு யாரோ. அந்த இடம் அவனுக்குப் போய்விட்டது. அவனுடைய அம்மா எங்கள் அறைக்கு வந்து, அந்தத் தவறான சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

விசாரணை நடந்தது. “நான் சரியாத்தான் குத்தினேன்,” என்றார் அக்கா. அப்போதைய பதிவாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்க?” என்று கேட்டார். “எனக்கு வந்தபடியேதான் சார் போட்டேன்,” என்றேன் நான்.

அந்த ஒரு வாக்கியம்தான். அக்காவின் பதிவேட்டில் தண்டனை ஏறியது, பதவி உயர்வு நின்றது. சீட்டுக் குத்தும் மேசையில் தவறு நடந்ததால் சீட்டுக் குத்துவதற்கு முன் உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். வாசிப்பவர் அக்கா, ஒப்பிடுபவர் நான். தகுதிகாண் பருவம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த மாதம். பிறகு என் கல்யாணம், பிள்ளை, பதவி உயர்வு. சொல்லாமல் விட்டது ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் கனத்தது. அந்த நாற்காலியை நான் விடாததற்குக் காரணம் இதுதான். என்னவோ அவர் எதிரே தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் கணக்கு நேராகிவிடும்போல. கோழை செய்கிற பரிகாரம்.

மூன்றாம் நாள் காலை ஏன் தம்பி சுவரில் ஐந்து வெற்றுத் தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினார்.

“இன்னிக்கு வாசிப்பை எடுத்துக்கலாம். அஞ்சு தடவை ஏன்னு கேப்போம். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. இங்க ஆளைக் குத்தம் சொல்ல மாட்டோம். முறையைத்தான் கேப்போம். சரி, ஏன் வாசிக்கிறோம்?”

அக்காவே சொன்னார். “சரியான சான்றிதழ் சரியான ஆளுக்குப் போகணும்னு.” ஏன் தம்பி எழுதினார்.

“அதுக்கு ஏன் தனியா ஒரு படி?”

“ஒருதடவை மாறிப் போயிடுச்சு.”

“ஏன் மாறிச்சு?”

“ரெண்டு பேரோடது உறை மாறிப் போச்சு தம்பி,” என்றார் நடை அண்ணன்.

ஏன் தம்பி எழுதுவதை நிறுத்தினார். இருபத்து மூன்று தாள்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். “வாசிப்பு இங்க இருக்கு. சீட்டுக் குத்துறது அப்புறம். உறையில போடறது அதுக்கும் அப்புறம். உறை மாறினதைப் புடிக்கணும்னா உறையில போட்ட பின்னாலதானே பாக்கணும்? ஏன் முன்னாலயே வாசிக்கிறீங்க?”

இப்படி ஒரு கேள்வியை எங்கள் பிரிவில் யாரும் கேட்டதே இல்லை. உத்தரவு வந்தது, வாசித்தோம். பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு மட்டும் கைவந்த புத்திசாலித்தனம் அது.

“சீட்டுக் குத்துற மேசையில தப்புன்னு விசாரணையில முடிவு பண்ணாங்க,” என்றார் அக்கா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பதிவு எண் வாசிக்கிற அதே குரல்.

நாலாவது தாளும் நிரம்பியது.

“விசாரணையில ஏன் அப்படி முடிவு பண்ணாங்க?”

அக்கா குண்டூசி டப்பாவைக்கூடத் தொடவில்லை. இப்போதும் ஒரு வழி இருந்தது. பழைய கதை, யாருக்கும் ஞாபகம் இல்லை என்று சொன்னால் ஏன் தம்பி வாசிப்பை அடித்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார். அக்கா உபரியாவார். பதிவேட்டைப் புரட்டுவார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு அந்த வீட்டில் ஒரு மனிதர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“ஆளைக் குத்தம் சொல்ல மாட்டோம், மேடம். தெரிஞ்சதைச் சொல்லுங்க,” என்றார் ஏன் தம்பி என்னிடம்.

“சொல்லுங்க தம்பி,” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. “இந்த ஒரு தடவை ஆளைக் குத்தம் சொல்லுங்க.”

எழுந்து போய் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். ஐந்தாவது தாளில் எழுதினேன். ‘உறையில் போட்டவள் நான். ஊசிகளை மொத்தமாக எடுத்தேன். வந்தபடியே போட்டேன் என்று பொய் சொன்னேன்.’ தாள் சின்னது. கடைசிச் சொல்லை ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியிருந்தது.

நான் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து, குழாயடியில் நின்று அழுதேன். பதவி, வயசு எல்லாவற்றையும் மறந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். பின்னாலேயே அக்கா வந்தார்.

“முகத்தைக் கழுவு.”

கழுவினேன். “உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“நான் குத்தின ஊசி எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?”

“சொன்னேனே. சரியாத்தான் குத்தினேன்னு சொன்னேன். யாரு கேட்டா?” அக்கா குழாயை மூடினார். “முதல் வருஷம் நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ரெண்டாவது வருஷம் மனசுக்குள்ள உன்னைத் திட்டாத திட்டு இல்ல. அப்புறம் அலுத்துப்போச்சு. தினமும் எதுக்க உக்காந்து சரி சரின்னு சொல்றே, இவளுக்கு ஒருநாளாவது தொண்டை அடைக்காதான்னு பாப்பேன்.”

“அடைச்சுதுக்கா. எல்லா நாளும்.”

“எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் சரியாத்தானே வந்துச்சு.”

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கு அது புரிந்துவிட்டது. “அதெல்லாம் இப்ப கேக்காத. மணி பன்னெண்டரை ஆகுது. அவருக்குப் பசிக்கும்,” என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் பக்கமாக நடந்தார்.

நான் அறைக்குத் திரும்பியபோது ஏன் தம்பி ஒரு பழுப்பு உறையையும் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறையின் முகப்பில் ஓர் அகலச் செவ்வகம் வெட்டி, உள்பக்கம் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தார். சான்றிதழோடு முகவரியையும் ஒரே தாளில் அச்சடித்துவிட்டு மடித்துப் போட்டால், முகவரி அந்த ஓட்டை வழியாகத் தெரியும். தனிச்சீட்டு வேண்டாம், ஊசி வேண்டாம், மாறவே மாறாது. பத்தொன்பது வருட வாசிப்புக்கு மாற்று, உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை. நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் சரியான இடத்தில் தேடியிருப்பார்கள், அப்போதே யாராவது இதை வெட்டியிருப்பார்கள். அக்காவின் தொண்டைத் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அந்த உறையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது, என்மேல்தான்.

மறுநாள் காலை பதிவாளரிடம் போனேன். அவர் புதியவர், கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “எழுத்துல குடுத்தீங்கன்னா அவங்க குறிப்பை நீக்கிடலாம். ஆனா உங்க பதிவேட்டுல ஏறும். மாற்றல் பட்டியல்ல நீங்கதான் முதல்ல இருப்பீங்க. யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சது போதும் சார்.”

அரைப் பக்கத்தில் வாக்குமூலம் எழுதிக்கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தேன். “வெளிய போற காகிதம்கா. உத்தரவு இன்னும் ரத்தாகல. வாசிச்சுட்டு அனுப்பிடலாம்.”

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் எதிர் நாற்காலியில் நகலோடு உட்கார்ந்தேன். மற்ற ஏழு பேரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

“சான்றிதழ்களை உறையில் இட்டவர் நான்.”

“சரி.”

“முகவரிச் சீட்டுகள் என்னிடம் வந்தபோது சரியாகவே இருந்தன.”

“சரி.”

“விசாரணையில் நான் சொன்னது பொய்.”

“சரி.”

“இது தெரிந்தும், என் சக ஊழியர் தண்டனை பெற்றதைப் பார்த்துக்கொண்டு, பத்தொன்பது ஆண்டுகள் பேசாமல் இருந்தேன்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அக்கா அடுத்த வரிக்குப் போகவில்லை. என்றைக்கும் போனவர் இல்லை. விரலை அந்த வரியின் கீழ் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

“சரி,” என்றேன் கடைசியில். உடைந்துதான் வந்தது.

“இப்ப கேட்டுச்சு,” என்றார் அக்கா மெதுவாக.

மீதி இரண்டு வரியையும் வாசித்து முடித்தார். தாளை மடித்து ஏன் தம்பி வெட்டிய உறையில் போட்டு, பதிவாளர் என்ற எழுத்து ஓட்டையில் தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்தார். நடை அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். பிறகு பதிவேட்டை மூடிவிட்டு, மணியைப் பார்த்து, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்.